இரு கண்களிலும் கோராய்டு மடிப்பு: முதலில் எதைப் பரிசோதிக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 38. ஓராண்டுக்குள் கண்ணாடியின் பிளஸ் பவர் கூடியிருக்கிறது. கதவு நிலையின் விளிம்பு நெளிந்து தெரிகிறது. இரு கண்களிலும் கோராய்டு மடிப்புகள் இருப்பதாக ஓ.சி.டி. (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) அறிக்கை கூறுகிறது. சொட்டு மருந்து போதுமா, அறுவைச் சிகிச்சை தேவையா?

பதில்: சொட்டு மருந்தும் அறுவையும் இந்த மடிப்புகளை நேரடியாக நீக்குவதில்லை. விழித்திரைக்கும் விழியின் வெள்ளைச் சுவருக்கும் இடையே இரத்த நாளங்கள் நிறைந்திருக்கும் படலமே கோராய்டு. விழிக்கோளம் பின்னாலிருந்து அழுத்தப்பட்டாலோ, கண் அழுத்தம் மிகக் குறைந்து கோளம் தளர்ந்தாலோ, வெள்ளைச் சுவர் அழற்சியால் தடித்தாலோ அது மடிகிறது. அதனோடு விழித்திரையும் நெளிவதால்தான் நேர்கோடு உங்களுக்கு வளைந்து தெரிகிறது. கோளத்தின் பின்புறம் தட்டையாகி விழியின் நீளம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே பவர் ஏறத்தாழ 3 டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) மாறிவிடும்.

ஒரு கண்ணில் மட்டும் மடிப்பு இருந்தால், கண்குழிக் கட்டி, வெள்ளைச் சுவரின் பின்புற அழற்சி, கண் அறுவைக்குப் பின் அழுத்தம் குறைதல் ஆகியவற்றை முதலில் தேடுவோம். பி-ஸ்கேன் எனும் கண் அல்ட்ராசவுண்ட் இதற்குப் பெரிதும் உதவும். தைராய்டு கண்நோய் ஒரு கண்ணையோ இரண்டையுமோ பாதிக்கலாம். இளமை முதலே அதிக பிளஸ் பவர் உள்ளவர்களுக்கு இரு கண்களிலும் தீங்கற்ற மடிப்புகள் இருப்பதுண்டு. ஆனால் உங்களுக்குப் பவர் அண்மையில்தான் கூடியிருக்கிறது என்பதால், கோளத்தைப் பின்னாலிருந்து அழுத்தக்கூடிய மண்டையோட்டு உள்ளழுத்தம் உயர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் இதைத் தீங்கற்றது என்று நான் ஒதுக்கமாட்டேன். பார்வை நரம்பின் முனை வீங்காத நிலையிலும் மடிப்பே அந்த அழுத்தத்தின் முதல் அடையாளமாக அமையக்கூடும்.

தலைவலி, குனியும்போது சில நொடிகள் பார்வை மங்குதல், காதில் நாடித்துடிப்போடு ஒலிக்கும் இரைச்சல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் வைட்டமின் ஏ மருந்துகளும் இந்த அழுத்தத்தை உயர்த்தலாம் என்பதால், உட்கொண்டவற்றையும் சொல்லுங்கள். மூளை, கண்குழி, மூளைச் சிரைகள் ஆகியவற்றின் எம்.ஆர்.ஐ. எடுத்த பின்னரே, தேவைப்பட்டால், மூளையையும் சூழ்ந்திருக்கும் முதுகுத்தண்டு நீரின் அழுத்தத்தை அளப்பார்கள். அது 25 செ.மீ. நீர் அளவைத் தாண்டினால் மிகை எனக் கருதுவோம். கட்டியோ சிரை அடைப்போ இல்லாமல் அழுத்தம் மட்டும் உயர்ந்திருந்தால், கூடுதல் எடையைக் குறைப்பதும் அந்த நீரின் சுரப்பைக் குறைக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையும் முதன்மைச் சிகிச்சை.

காரணம் சரியான பிறகும் நாள்பட்ட மடிப்புகள் மறையாமல் நிற்கலாம்; அப்போது புதிய கண்ணாடி உதவும். நேர்கோட்டுக் கட்டங்கள் வரைந்த ஆம்ஸ்லர் அட்டையை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்த்து வாருங்கள். நெளிவு திடீரென மிகுந்தாலோ நடுவில் கருமை தோன்றினாலோ, அரிதாகப் புதிய இரத்த நாளம் வளர்ந்து கசிந்திருக்கக்கூடும் என்பதால், ஓரிரு நாள்களுக்குள் விழித்திரை மருத்துவரைக் காணுங்கள்.