ஹார்ன் அடித்தால் ஃபியூஸ் போகிறதா?

கே: என் பிக்கப்பில் கம்பெனி ஹார்னைக் கழற்றிவிட்டு, கம்ப்ரஸரோடு வரும் ஏர் ஹார்னை அதே இரண்டு வயரில் மாட்டினேன். இரண்டு தடவை அடித்ததும் 15 ஆம்பியர் ஃபியூஸ் போய்விட்டது. 30 போட்டால் சரியாகிவிடுமா?

ப: ஃபியூஸ் நிற்கும், வயர் உருகும். ஃபியூஸின் அளவு வயரின் தடிமனைப் பார்த்து வைப்பது. கம்பெனி டிஸ்க் ஹார்ன் ஒன்று 4 முதல் 6 ஆம்பியர்தான் இழுக்கும். வயரும் அதற்கேற்ற மெல்லிய வயர். ஏர் ஹார்ன் கம்ப்ரஸர் சாதாரணமாகவே 15 முதல் 20 வரை இழுக்கும், கிளம்பும் நொடியில் இன்னும் கூடுதல். பழைய 15-ஐயே திரும்பப் போட்டுவிட்டு, கம்ப்ரஸருக்குத் தனி லைன் இழுங்கள்.

12 வோல்ட், 40 ஆம்பியர், நாலு கால் ரிலே ஒன்று வேண்டும். சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது; 30, 87, 85, 86 என்பவை அதன் கால்களின் எண்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 4 சதுர மி.மீ. வயர் ரிலேயின் 30-ஆம் காலுக்கு. அந்த வயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர். ஃபியூஸின் அளவு, ஹார்ன் கிட்டோடு வந்த தாளில் சொன்னது; எப்படியும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஃபியூஸைக் கொண்டுபோய் ஹார்ன் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் அந்த ஃபியூஸ் சும்மா வேடிக்கை பார்க்கும். 87-லிருந்து கம்ப்ரஸர் பாசிட்டிவுக்கும், கம்ப்ரஸர் நெகட்டிவிலிருந்து எர்த்துக்கும் (வண்டி பாடியின் உலோகம்) அதே 4 சதுர மி.மீ. வயர்தான்.

மிச்சம் 85, 86. பழைய ஹார்னின் கப்ளரில் (செருகும் இணைப்பு) வந்த இரண்டு வயரையும் இந்த இரண்டு காலுக்குக் கொடுங்கள். ஒற்றை வயர் மட்டும் வருகிற வண்டியானால் அது 86-க்கு, 85 எர்த்துக்கு. ரிலேக்குள் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான். ஸ்டியரிங் பட்டனுக்கும் பழைய வயருக்கும் அது ஒரு சுமையே இல்லை. ரிலே மேல் அச்சடித்த படத்தில் டயோடு (ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடும் உறுப்பு) இருந்தால் மட்டும், எது பாசிட்டிவ் என்று மல்டிமீட்டரில் பார்த்து, படத்தில் காட்டிய பக்கமே மாட்டுங்கள். மாற்றிக் கொடுத்தால் டயோடு வழியே ஷார்ட். ஐந்து கால் ரிலே கையில் இருந்தால் நடுவிலுள்ள 87ஏ-யைக் காலியாக விடுங்கள். அதில் மாட்டினால் பட்டனைத் தொடாமலே ஹார்ன் அலறும்.

ஏர் ஹார்னுக்குப் பல இடங்களில் தடை உண்டு. உங்கள் ஊர் விதியை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கே: வேலை ஆரம்பிக்கும்போது பேட்டரியில் எந்த டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும்?

ப: நெகட்டிவ். பாடி முழுக்க நெகட்டிவ்தான். பாசிட்டிவ் நட்டைத் திருப்பும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் அது நேரடி ஷார்ட்: ஸ்பேனர் பழுக்கும், பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளவும் கூடும். நெகட்டிவைக் கழற்றிய பிறகு அதே இடத்தில் ஸ்பேனர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. மோதிரம், உலோகக் கடிகாரம் இரண்டையும் முதலில் கழற்றி வையுங்கள்.

ஏர்பேக் உள்ள வண்டியானால் ஸ்டியரிங்கைப் பிரிக்கவே வேண்டாம். மேலே சொன்னபடி ஹார்ன் கப்ளரிலிருந்தே சிக்னல் எடுத்தால் அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையே இல்லை. ஏர்பேக்கின் மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள்.

கே: மாட்டி சில மாதம் கழித்து, வண்டி நிற்கும்போது ஹார்ன் தானாக அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. எங்கே தேடுவது?

ப: முதலில் புது ரிலேயைப் பிடுங்கி சத்தத்தை நிறுத்துங்கள். பிறகு காதை மூடிக்கொண்டு அதைத் திரும்பச் செருகி, ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் கம்பெனி ஹார்ன் ரிலேயைப் பிடுங்கிப் பாருங்கள். அப்போது நின்றால் கோளாறு பட்டன் பக்கம். பெரும்பாலான வண்டிகளில் ஹார்ன் பட்டன் செய்வது ரிலே காயிலை எர்த்தோடு சேர்ப்பது மட்டுமே. அதனால் அந்த வயர் எங்காவது தோலுரிந்து பாடியில் பட்டால், யாரோ பட்டனை அமுக்கிப் பிடித்திருக்கிற கணக்குதான். ஃபியூஸும் போகாது. அப்படியும் நிற்காவிட்டால் புது ரிலேயின் உள்ளே தொடுமுனை ஒட்டிக்கொண்டுவிட்டது. அளவு பத்தாத ரிலேயில் இது சகஜம். ரிலேயை மாற்றுங்கள், தட்டிச் சரிசெய்து ஓட்டாதீர்கள்.

கே: புது ஹார்ன்தான், ஆனால் சத்தம் இழுவையாக வருகிறது. ஹார்ன் கோளாறா?

ப: ஹார்னைக் குறை சொல்லும் முன் வோல்டேஜைப் பாருங்கள். ஒருவர் பட்டனை அமுக்கட்டும். பேட்டரி முனைகளில் ஒரு முறை, ஹார்ன் முனைகளில் ஒரு முறை மல்டிமீட்டர் வையுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வழியில் நஷ்டம். 0.75 சதுர மி.மீ. வயர் 3 மீட்டர் போட்டு 18 ஆம்பியர் ஓட்டினால் அந்த ஒரு வயரிலேயே 1.2 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 4 சதுர மி.மீ.யில் கால் வோல்ட்கூடப் போகாது. வயர் சரியாக இருந்தால் எர்த். பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள். அந்த இடத்தைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, லக்கை (வயர் முனையில் உள்ள உலோக வளையம்) முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

கே: இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, கிரிம்ப் செய்வதா?

ப: கிரிம்ப், அதாவது உலோக முனைக்குள் வயரை வைத்து நசுக்கி இறுக்குவது. ஈயம் ஏறிய இடத்தில் வயர் கம்பிபோல விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பில் ஒடியும். கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கி இறுகுவது) போட்டு, இழுத்துப் பாருங்கள்.

கே: மழையில் நனையாமல் ஹார்னையும் ரிலேயையும் எங்கே மாட்டுவது?

ப: ஹார்ன் வாய் கீழ்நோக்கி; ரேடியேட்டர் காற்றை மறைக்காத இடம். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். வயரை ரிலேயை விடக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தகட்டு ஓட்டை வழியே போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். பிரேக் பைப், டீசல் பைப்போடு சேர்த்து கேபிள் டை போடாதீர்கள். சைலன்சர் பக்கமும் வேண்டாம்.