குளவிக்கு ஏன் நம் வீடு பிடிக்கிறது?

மூன்றாவது மாடியில் இருக்கிறோம். சுற்றுவட்டாரத்தில் மரமே இல்லை. ஏசி குழாய் ஓட்டை, சாவித் துவாரம் என எல்லாவற்றையும் குளவி மண் வைத்து அடைக்கிறதே?
(வாசகி, வேளச்சேரி)

மண்குளவிக்கு மரம் அவசியமில்லை. மழை படாத இடுக்கு, பக்கத்தில் ஈர மண், பிடிக்க இரை, இவை போதும். ஏசியில் சொட்டும் நீரும் தொட்டிச் செடியும் ஈர மண்ணைத் தந்துவிடுகின்றன. ட்யூப்லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், அந்தச் சிலந்தியைத் தேடிக் குளவி வரும். காட்டில் பாறை இடுக்கைத் தேட வேண்டும். இங்கே ஓட்டைகளை நாமே போட்டு வைத்திருக்கிறோம்.

விமானத்தைக்கூட விடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு குளவி, வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களை அடைத்துவிடுகிறது. அங்கே மாதிரிக் குழாய்களை வைத்து 2016 முதல் 2019 வரை 39 மாதங்கள் கவனித்தார்கள். 93 முறை குழாய் முழுதாக அடைபட்டிருந்தது!

உங்களுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. ஓட்டையில் கொசுவலைத் துண்டை ஒட்டுங்கள். கூட்டில் வட்டத் துளை தெரிந்தால் குஞ்சு பறந்துவிட்டது, சுரண்டி எடுக்கலாம்.

ஜன்னல் கம்பிக்கு உள்பக்கமாகவே காகிதம் போன்ற கூடு கட்டுகிறது. வெளியே இடமா இல்லை?
(வாசகர், பெங்களூரு)

பெரிய கதண்டு வகை ஒன்று சின்னக் குளவிகளின் கூட்டில் புகுந்து புழுக்களைத் தூக்கிப் போய்விடும். உங்கள் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரின் குழு குளவிகளை வளர்த்த கூண்டின் வலைக்கண், சின்னக் குளவி போய்வரவும் கதண்டு நுழையாமலிருக்கவும் ஏற்ற அளவில் இருந்தது. நெருக்கமான கம்பியும் வலையும் உள்ள ஜன்னலும் அப்படியொரு காவல்தான் என்பது என் எண்ணம்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்கிறார் மாமியார். உண்மையா?
(வாசகி, திருச்சி)

பிறக்கும், குளவிப் பிள்ளை.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பெரிய கதண்டுக் கூடு. இரவில் கொளுத்திவிடலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

வேண்டவே வேண்டாம். கூட்டம் மொத்தமாகத் திரண்டு வரும். தேனீ போல ஒரு கொட்டோடு முடியாது, ஒன்றே பலமுறை கொட்டும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பழக்கமான வேலை. அதுவரை தொட்டிப் பக்கம் டிரில்லிங், சுத்தியல் வேலை எதுவும் கூடாது. பல கொட்டு வாங்கியவரை, வலி குறைந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.