அந்த அமைதிதான் எனக்குக் கவலை தருகிறது

அம்மா, மகனுடைய முடி உதிர்வு, படபடப்பு, தூக்கமின்மை, பசியின்மை என்று நான்கு பக்கங்களுக்கு எழுதிவிட்டு, நீங்கள் உண்மையில் அஞ்சுவதைக் கடைசிப் பத்தியில்தான் தொட்டிருக்கிறீர்கள். குரூப் 2 முதன்மைத் தேர்வில் மூன்றாம் முறையும் தேர்ச்சி கிடைக்காமல், இரண்டு மாதங்களாக அறைக்குள்ளேயே கிடந்த உங்கள் மகன், சென்ற வாரம் தன் கைக்கடிகாரத்தைத் தங்கையிடம் கொடுத்து, வங்கி அட்டையின் ரகசிய எண்ணையும் சொல்லி, "இனி என்னால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது" என்றிருக்கிறார். அதன்பின் அமைதியாகிவிட்டதால் மனம் தேறிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா என்கிறீர்கள். எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏமாற்றம் நோயன்று. பல ஆண்டு உழைப்பு கைகூடாதபோது அழுவதும் ஆட்களைத் தவிர்ப்பதும் இயல்பு. நாளடைவில் அது தணிந்து, இடையிடையே சிரிப்பும் பசியும் திரும்பும். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி, உணவும் உறக்கமும் கெட்டு, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணமும் சேர்ந்தால், அது மனச்சோர்வா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். உங்கள் மகனின் நிலை அதையும் தாண்டியிருக்கிறது. உடைமைகளைக் கொடுத்துவிடுவதும், விடைபெறுவது போலப் பேசுவதும், நீண்ட துயரத்துக்குப் பின் திடீரென வரும் அமைதியும் ஒன்றுசேர்ந்தால், உயிரை விட அவர் முடிவு செய்துவிட்டார் என்று பொருள்படக்கூடும். தேர்வுப் புத்தகங்களை மட்டும் கொடுத்திருந்தால் நான் இவ்வளவு பதறமாட்டேன்.

இதைப் படித்தவுடன் அவர் அருகில் அமர்ந்து, "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா, கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள், அது தவறு. வாய்விட்டுச் சொல்ல அந்தக் கேள்விதான் பலருக்கு வழி திறக்கிறது. பதில் எதுவானாலும் கடிந்துகொள்ளாதீர்கள், அழுது சத்தியம் வாங்காதீர்கள். ஆமென்றாலோ மழுப்பினாலோ, ஒரு நிமிடமும் தனியே விடாமல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ இன்றே அழைத்துச் செல்லுங்கள். இரவாக இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். இல்லை என்று சொன்னாலும் நாளைக்குள் மனநல மருத்துவர் அவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) இரவு பகலாகத் தமிழில் இலவசமாகப் பேசலாம். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் உறவினர் வீட்டுக்கு இப்போதே அப்புறப்படுத்துங்கள்.

கணவருக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரையில் பாதியை மகனுக்கு நீங்களே கொடுத்துவருவது எனக்குக் கோபத்தையே தருகிறது. அது மனச்சோர்வைத் தீர்க்காது. பழக்கமாகும், மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வால் மூளை நிரந்தரமாகச் சுருங்கிவிடும் என்று இணையத்தில் படித்ததை மறந்துவிடுங்கள். மனச்சோர்வு குணமாகும் நோய். அதற்கான மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஆகும் என்பதால், முதல் வாரத்திலேயே பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. கடும் மன அழுத்தத்துக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்குப் பின் முடி கொட்டுவது வழக்கம், மீண்டும் வளரும். படபடப்புக்கு ஓர் ஈசிஜியும் தைராய்டு பரிசோதனையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

மறுபடி தேர்வு எழுதுவதா என்பதை, உடம்பும் மனமும் தேறிய பின் அவரே முடிவு செய்யட்டும். அதுவரை வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.