நாடகம் எழுதுவது, இயக்குவது, கற்றுக்கொடுப்பது: இதையே தொழிலாக்க முடியுமா?

முடியும். ஆனால் டிக்கெட் வசூலை நம்பி இறங்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு மாதச் செலவு ஓடுவது பயிற்சி வகுப்புகளால்தான்.

படிப்பு என்றால், 1959இல் தொடங்கிய டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் பட்டயம் உண்டு. பட்டப்படிப்போடு மேடை அனுபவமும் கேட்பார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் முதுகலை படிக்கலாம். கல்லூரி ஆசிரியராக வேண்டுமா? முதுகலைக்கு மேல் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ தேவை.

இயக்கத்தில் முதலில் பழக வேண்டியது இயக்குநர் பிரதி. வலப்பக்கம் வசனம், இடப்பக்கம் வெறுந்தாள். எந்தச் சொல்லில் யார் நகர்கிறார், எங்கே விளக்கு மாறுகிறது என்பதைப் பென்சிலில் குறியுங்கள். பேனா வேண்டாம், பாதி மாறிவிடும். மேடையின் வலம், இடம் என்பது அவையைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலம், இடம். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் விளக்கு ஒரு பக்கம் எரியும், நடிகர் மறுபக்கம் இருட்டில் நிற்பார்.

ஒரு மணி நேர நாடகத்துக்குத் தோராயமாக 50 மணி நேர ஒத்திகை வையுங்கள். ஒத்திகைக் காலத்தின் பாதியிலேயே நடிகர்களை வசனத் தாளைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கையில் தாள் இருக்கும்வரை கண் எதிரே நடிப்பவரிடம் போகாது.

எழுதும்போது, நடிகர் செய்துகாட்டுவதை வசனத்திலும் சொல்லியிருந்தால் வெட்டுங்கள்.

பள்ளிகளில் வகுப்பெடுக்கப் போனால் ஆண்டுவிழா நாடகத்துக்குத் தனிக் கட்டணம் என்று முன்பே எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் அதையும் மாதச் சம்பளத்தில் சேர்த்துவிடுவார்கள்.