சுகர் இருந்தால் ஹெல்த் பாலிசி கிடைக்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எனக்கு 44 வயது. சுகர் இருக்கிறது. பாலிசி தருவார்களா? – ஈரோடு வாசகர்

தருவார்கள். ஆனால் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு, மாத்திரையா இன்சுலினா, கிட்னி, கண், இதயம் எப்படி என்று ஒன்றுமே எழுதாமல் கேட்டால் உறுதியாக எதைச் சொல்வது? ஹெச்பிஏ1சி ஏழு, ஏழரைக்குள் இருந்து வேறு சிக்கலும் இல்லையென்றால் பிரீமியத்தைக் கொஞ்சம் கூட்டியோ, கூட்டாமலோ தந்துவிடுவார்கள். ஒன்பதைத் தாண்டினால் பலர் தயங்குவார்கள். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றில் கேளுங்கள். ஸ்டார் ஹெல்த்தின் டயாபெட்டிஸ் சேஃப், எச்டிஎஃப்சி எர்கோவின் எனர்ஜி என்று சுகர்காரர்களுக்கென்றே வந்த பாலிசிகளையும் பாருங்கள். எதை எடுத்தாலும் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்.

ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் கவர் தொடங்கும் வரையிலான காத்திருப்புக் காலம் நான்கு வருடம் என்கிறார் நண்பர். சரியா? – சேலம் வாசகி

அது பழைய கதை. 2024 ஏப்ரலில் இருந்து அதிகபட்சம் 36 மாதம்தான். கூடுதல் பிரீமியம் கட்டினால் அதையும் குறைத்துத் தரும் பாலிசிகள் உண்டு. டெங்கு வந்து படுத்தாலோ, விபத்தில் கால் உடைந்தாலோ இந்த 36 மாதம் குறுக்கே வராது.

அப்பாவுக்கு பைபாஸ் ஆனது. பாலிசி எடுக்கும் முன்பே சுகர் இருந்ததை மறைத்துவிட்டோம் என்று கிளைமை மறுத்துவிட்டார்கள். ஏஜென்ட்தான் 'சுகர்னு போட வேண்டாம், பிரீமியம் ஏறிடும்' என்றார். பாலிசி எடுத்து மூன்று வருடம் ஆகிறது. – மதுரை வாசகர்

இதே கடிதம் ஊர் பெயர் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மனது கொதிக்கிறது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நோய் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை' என்று டிக் அடிக்கிறார் ஏஜென்ட். அவருக்குக் கமிஷன் அன்றே உறுதியாகிவிடுகிறது. ஐசியு வாசலில் நிற்பது உங்கள் குடும்பம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டூட்டி டாக்டர் 'எத்தனை வருஷமா சுகர்?' என்று கேட்பார். பதற்றத்தில் யாராவது 'ஒரு பத்து வருஷம் இருக்கும்' என்பார்கள். அது அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறும். நிறுவனம் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். நிஜத்தில் இரண்டே வருடம் என்றாலும் அப்புறம் நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். அதனால் முதன்முதலில் சுகர் தெரிந்த நாளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வருடம் தொடர்ந்து புதுப்பித்திருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது. உங்களுக்கு மூன்றுதான் ஆகிறது, அந்தப் பாதுகாப்பு இல்லை. மறுப்புக் கடிதத்தில் எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று இருக்கிறதா, அவர்களுடைய குழு பரிசீலித்து ஒப்புதல் தந்ததா என்று பாருங்கள். இவை கட்டாயம். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ரூ.50 லட்சம் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். சுகர் உண்மையிலேயே முன்பே இருந்திருந்தால் வாய்ப்பு குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்றவர்களுக்கு: பாலிசி கைக்கு வந்ததும் கூடவே வரும் படிவ நகலைப் படியுங்கள். தப்பாக இருந்தால் உடனே எழுத்தில் தெரிவித்துத் திருத்தக் கேளுங்கள். பாலிசியே வேண்டாம் என்றாலும் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.

சுகர் மாத்திரை, ஸ்ட்ரிப், இன்சுலின் செலவை கிளைம் செய்யலாமா? – திருச்சி வாசகர்

சாதாரண பாலிசியில் முடியாது. ஓபிடி வசதி (ஆஸ்பத்திரியில் சேராமல் பார்க்கும் சிகிச்சைக்கான கவர்) சேர்த்து எடுத்திருந்தால் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள்.

கம்பெனி குரூப் பாலிசியில் சுகருக்கு முதல் நாளிலிருந்தே கவர் இருக்கிறது. தனியாக வேறு எதற்கு? – ஓசூர் வாசகர்

வேலை போனால் அதுவும் போகும் என்பதற்கு. அன்றைக்கு உங்களுக்கு 52 வயது, கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றால் யார் தருவார்கள்? இப்போதே சின்னதாக ஒரு 5 லட்சத்துக்கு எடுத்து அந்த 36 மாதத்தைக் கடந்துவிடுங்கள். தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

அம்மாவுக்கு 71 வயது, இருபது வருட சுகர். எல்லோரும் கை விரிக்கிறார்கள். – நாகர்கோவில் வாசகி

70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் வருடத்துக்கு 5 லட்சம் வரை தரும் ஆயுஷ்மான் பாரத் (மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) விரிவாக்கம் 2024 அக்டோபரில் வந்தது. முதலில் அம்மாவின் ஆதாரை வைத்து அந்த அட்டைக்கு முயற்சி செய்யுங்கள். தனியார் பாலிசி கிடைத்தால் பில்லில் 20, 30 சதவீதத்தை நீங்கள் கட்ட வேண்டிய கோ-பே இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். இருபது வருட சுகரை இருபது வருடம் என்றே எழுதுங்கள். படிவத்தை நீங்களே நிரப்புங்கள்.

அடுத்த வாரம் ரினியூவல். வேறு கம்பெனிக்கு போர்ட் செய்யலாமா? – கோவை வாசகர்

45 நாள் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். இந்த வருடம் இங்கேயே பணத்தைக் கட்டுங்கள், பாலிசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் கழிந்த காத்திருப்புக் காலம் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.