பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினேன், படம் எங்கே?

கேள்வி: சார், பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனைப் பத்துத் தடவை அழுத்திவிட்டேன். எந்த ஃபோல்டரிலும் ஒரு படம்கூட இல்லை. கீபோர்டு போய்விட்டதா?

பதில்: கீபோர்டு நன்றாகத்தான் இருக்கும். விண்டோஸ் 10-இல் அந்தப் பட்டன் வழக்கமாகப் படத்தை ஃபைலாகச் சேமிக்காது. கிளிப்போர்டு என்ற தற்காலிக நினைவகத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். பெயிண்டைத் திறந்து கன்ட்ரோல் + வி அழுத்துங்கள், வந்து விழும். ஆனால் பத்தாவது படம் மட்டும்தான். முந்தைய ஒன்பதையும் அது தள்ளிவிட்டிருக்கும். விண்டோஸ் + வி அழுத்தி கிளிப்போர்டு ஹிஸ்டரியை ஆன் செய்துவைத்தால், இனி எடுப்பவற்றில் கடைசி 25 வரை இருக்கும். ஃபைலாகவே வேண்டுமா? விண்டோஸ் பட்டனோடு பிரிண்ட் ஸ்கிரீன். திரை ஒரு கணம் மங்கும். படம் பிக்சர்ஸுக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: என் லேப்டாப்பில் அந்தப் பட்டனே இல்லையே அண்ணா?

பதில்: கவலையே வேண்டாம். விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ். வேண்டிய இடத்தை மட்டும் மவுஸால் இழுத்து வெட்டிக்கொள்ளலாம். பட்டன் இருந்தாலும் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: மெனுவைத் திறந்துவைத்துப் படம் எடுக்கப் போனால் மெனு மூடிக்கொள்கிறது.

பதில்: விண்டோஸிலேயே இருக்கும் ஸ்கிரீன்ஷாட் செயலியான ஸ்னிப்பிங் டூலை (விண்டோஸ் 10-இல் ஸ்னிப் & ஸ்கெட்ச்) திறந்து, தாமத நேரத்தை 3 விநாடியோ 10 விநாடியோ வைத்துவிட்டு, அதற்குள் மெனுவைத் திறந்துவிடுங்கள். 10-ஐயே வையுங்கள், 3 விநாடியில் கை பதறும்.

கேள்வி: மேக்கில்?

பதில்: கமாண்ட் + ஷிஃப்ட் + 3 முழுத்திரை, 4 வெட்டியெடுக்க. 4-க்குப் பிறகு ஸ்பேஸ்பாரைத் தட்டினால் கர்சர் கேமராவாக மாறும். எந்த விண்டோவைக் கிளிக் செய்கிறீர்களோ அது மட்டும் வரும். மேக்கில் எல்லாம் தலைகீழ்: சும்மா எடுத்தால் டெஸ்க்டாப்பில் ஃபைலாக விழும், கன்ட்ரோலையும் சேர்த்து அழுத்தினால்தான் கிளிப்போர்டு.

கேள்வி: அக்கவுன்ட் நம்பரைக் கறுப்பு ஹைலைட்டரால் நாலு தடவை தேய்த்து மறைத்து அனுப்பினேன். போதும்தானே?

பதில்: போதாது. ஹைலைட்டர் மை ஒளி புகும் மை. வாங்கியவர் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் நம்பர் பல்லிளிக்கும். முழுக்க நிரப்பிய கறுப்புக் கட்டத்தை மேலே வையுங்கள். அதைவிட, நம்பர் இல்லாத பகுதியை மட்டும் புதிதாக எடுப்பது உத்தமம். வெட்டினால் போயிற்று என்றும் நம்பிவிட முடியவில்லை: விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில் படத்தை வெட்டி அதே ஃபைலின் மேல் சேமித்தால், வெட்டிய பகுதியின் மிச்சம் ஃபைலுக்குள்ளேயே கிடந்தது 2023-இல் தெரியவந்தது. சரிசெய்துவிட்டார்கள்; ஆனால் அதற்கு முன் அப்படிச் சேமித்த படங்கள் அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: சினிமா ஓடும்போது எடுத்தால் வெறும் கறுப்பு!

பதில்: பதிப்புரிமைப் பூட்டு. உங்கள் தவறில்லை.

கேள்வி: பிரிண்ட் என்று போட்டிருக்கிறது, பிரின்டர் அசையவே இல்லையே?

பதில்: சிரிக்காதீர்கள் யாரும், நியாயமான கேள்வி. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் ஷிஃப்டோடு அதை அழுத்தினால் திரையிலிருந்த எழுத்தெல்லாம் நிஜமாகவே பிரின்டருக்குப் போனது.