ஆமை வேகம்

கேள்வி: மாநகரப் பேருந்துகள் ஆமை வேகத்தில் ஊர்கின்றன. இந்த லட்சணத்தில் கடலாமைகளைக் காப்பாற்ற அரசு பணத்தைக் கொட்டலாமா?
– ஒரு வாசகர், சைதாப்பேட்டை

பதில்: ஆமை வேகம் என்று உங்களுக்கு யார் சொன்னது? நம் கரைக்கு வரும் பங்குனி ஆமை, ஒடிசாவுக்கும் இலங்கைக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தும் பிராணி. மணலில்தான் அது தடுமாறும். நீங்கள் நினைப்பது குளத்து ஆமையை. ஆபத்து வந்தால் தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வது அதுதான். கடலாமைக்கு அந்த வசதி கிடையாது. கழுத்தும் துடுப்பும் எப்போதும் வெளியேதான். செவுளும் கிடையாது, நம்மைப் போல நுரையீரல். இழுவலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூச்சுமுட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் ஒதுங்கின. பலவற்றுக்குக் கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

இதைத் தடுக்கப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை ஏற்கெனவே இருக்கிறது. ஆமை தப்பிப்பதற்காக வலையில் பொருத்தும் கம்பிச் சட்டத்தைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்துத் தந்திருக்கிறது. கூடவே மீனும் போய்விடும் என்ற பயம் படகுக்காரர்களுக்கு. அந்தப் பயம் நியாயமானது, உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். தடையை மீறிக் கரையோரம் வலை இழுப்பதற்கு என்ன நியாயம்?

பஸ்ஸுக்கு வருகிறேன். இரவில் மணலுக்குள்ளிருந்து வெளிவரும் குஞ்சு, எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். ஒரு காலத்தில் கடல்தான் அந்தப் பக்கம். இன்று நீலாங்கரையிலும் பெசன்ட் நகரிலும் ரோடுதான் வெளிச்சம். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் ராத்திரியெல்லாம் அந்த மணலில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். கடலோரச் சாலையை அகலப்படுத்து, கடல்மேல் பாலம் கட்டு என்ற குரல்களை இந்தப் பக்கத்தில் எப்போதும் எதிர்த்திருக்கிறேன், இனியும் எதிர்ப்பேன். ஐம்பது பேர் ஏறும் பஸ்ஸுக்கு முன்விளக்கு இரண்டு. அவர்களே ஆளுக்கொரு காரில் போனால் நூறு. டயர் கணக்கு தனி. அமெரிக்காவின் சியாட்டில் பக்கம், கடலிலிருந்து முட்டையிட ஓடைக்கு ஏறிவந்த கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்ததும் கொத்துக்கொத்தாகச் செத்தன. டயர் தேய்ந்த துகளிலிருந்து வரும் நஞ்சுதான் காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள்.

சைதாப்பேட்டையில் உங்கள் பஸ் ஊர்வதும் அதே கார்களால்தான். பஸ்ஸுக்குத் தனி வழி கேட்டு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். தை பிறந்ததும் ஒரு ராத்திரி பெசன்ட் நகருக்கு வாருங்கள். நடந்துகொண்டே பேசுவோம்.